சீலாக் கருவாடும் மூணு நட்சத்திரமும்

மீனுக்குச் செதில் இருக்கணுமாம். செதிலும் இருக்கணும், துடுப்பும் இருக்கணும், ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் அந்தம்மா வாயில வைக்காதாம். வைக்காட்டி போகட்டுமே, கடலுக்கென்ன நட்டம்னு முனகிக்கிட்டே பவுலின் பையை எடது கையிலருந்து வலது கைக்கு மாத்துனா. ரோட்டை வெட்டிப் போட்டிருக்குன்னு ஜீப்புக்காரன் பாம்பார்புரத்தோட எறக்கி விட்டுட்டான், இனி வட்டக்கானல் வரைக்கும் நடராஜா சர்வீஸ்தான், மணி நாலரை இருக்கும், மேகம் வேற மரத்துக்கு நடுவுல புகுந்து புகுந்து வருது, தலையில துண்டு போட்டும் காது சில்லுங்குது. எல்லாம் ஒரு வேளைச் சோத்துக்கு. அவ சோத்துக்கா, இல்ல, அவ சமைக்கிற தங்கதுரை லாட்ஜுல ஒரு மாசமா குந்தியிருக்கிற மிரியம் அம்மா சோத்துக்கு. இஸ்ரேல்காரி, யூதச்சி, அறுவத்தஞ்சு வயசு, முட்டிவலி, ஒண்டியா வந்திருக்கு. மிரியமாம், நம்ம மரியாதான், ரெண்டு எழுத்து தள்ளி நிக்கிறா. அவங்களுக்கு வருசத்துல ஒரு நாள் பெரிய நோன்பு. நேத்து ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சதுலருந்து இன்னிக்குப் பொழுது சாஞ்சு வானத்துல மூணு நட்சத்திரம் தெரியிற வரைக்கும் பச்சத்தண்ணி கெடையாது. சரி, கெடக்கட்டும், ஒரு நாளைக்குச் சாப்பிடாட்டி யாரும் செத்துப் போறதில்ல. ஆனா நோன்பு முடிக்கும்போது மட்டும் அவங்க ஊரு பலகாரமெல்லாம் வரிசையா வந்து நிக்கணும். அதைச் செஞ்சு எடுத்துட்டு வர்றோம்னு அந்த ஊரு பயலுக மூணு பேரு, தலைமுடிய தேர்வடம் மாதிரி முறுக்கி விட்டுக்கிட்டு அலைவானுகளே, அவனுக சொல்லியிருந்தானுக. நோன்பாவது ஒண்ணாவது, காலையில பைக்கை முறுக்கிக்கிட்டு கோவாவுக்குக் கெளம்பிட்டானுக. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தங்கதுரை அடுப்படிக்கு வந்து, தலையச் சொறிஞ்சு, யக்கா நீதான் எப்படியாச்சும்னு ஆரம்பிக்கிறாரு. நேத்து சந்தை, நேத்து சொல்லியிருந்தா மூஞ்சிக்கல்லு சந்தையில கெடைக்காத சாமான் இல்ல. திங்கக்கிழமை போனா அழுகின முட்டைக்கோசும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருக்கு.

புரட்டாசி மாசத்துல கருவாடு கேட்டு வந்த மொத ஆளு நீதான்னு கருவாட்டுக்காரி சிரிச்சா. சிரிக்கட்டும். மிரியம் சொன்னது நெருப்புல வாட்டுன உப்பு மீனு, அவங்க அம்மா வீட்டுல நோன்பு முடிச்சா ரொட்டி மேல அதத்தான் வச்சுக் குடுக்குமாம். முந்தாநேத்து அடுப்படியில நின்னு, முழங்கையில விரலால கோடு கோடா இழுத்துச் செதில் காட்டுச்சு, காதுக்குப் பக்கத்துல கைய விசிறித் துடுப்பு காட்டுச்சு, கண்ணை மூடிக்கிட்டு நாக்கால சப்புக் கொட்டுச்சு. பவுலின் அதை அப்பிடியே கருவாட்டுக்காரிக்குச் செஞ்சு காட்டுனா, முழங்கைக் கோடு, காது விசிறி, சப்பு, எதையும் விடல. சுத்தி நின்ன நாலு பேரு வயித்தப் பிடிச்சுக்கிட்டானுக. அவ யாரு நடையையும் ஒரு தரம் பாத்தா போதும், யாரு கொரலையும் ஒரு தரம் கேட்டா போதும், ஒட்டிக்கிரும். பங்குச் சாமியார் இருமுறது, தாசில்தார் பொண்டாட்டி வெண்டைக்காய் ஒடிக்கிறது, எல்லாம் இந்த ஒடம்புக்குள்ளதான் கெடக்கு. கடையில வாளை இருந்துச்சு, சுறா இருந்துச்சு, ரெண்டும் வழுவழுன்னு மொட்டை. கடைசியில அடிப்பெட்டியிலருந்து சீலா நாலு துண்டு எடுத்து நீட்டுனா. சீலாவுக்குச் செதில் உண்டா இல்லையான்னு நகத்தால சொரண்டிப் பாத்து, ஒண்ணு ரெண்டு ஒட்டியிருந்தது வெரல்ல மினுங்குனதும்தான் பொட்டலம் கட்டச் சொன்னா. கல்யாணமாகி இருவத்தாறு வருசமா கருவாடு வாங்குறா, செதிலப் பாத்து வாங்குனது இன்னிக்குத்தான். சீலாதான் அவ வீட்டுக்காரருக்கும் உசுரு. அந்தாளப் பத்தி இப்ப என்ன. பொட்டலத்து நாத்தம் பையை விட்டு வெளிய வந்து மூக்குல ஏறுது, ஏறட்டும், அந்தாளு நெனப்பு எதுக்கு ஏறணும்.

ரொட்டி இருக்கே ரொட்டி, அது இதுக்கு மேல. சடை பின்னுன ரொட்டி வேணுமாம். ரொட்டிக்குச் சடை. பூவும் வச்சுப் பொட்டும் வச்சா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாம். பேக்கரி நசீர் பன்னு மாவை உருட்டிக்கிட்டிருந்தவன், எனக்குச் சடையெல்லாம் பின்ன வராது, எனக்கு மூணும் ஆம்பளப் புள்ளைங்கன்னுட்டான். இங்கிட்டு குடுன்னு மாவை வாங்கி, முட்டையை அடிச்சு ஊத்தித் திரும்பப் பிசஞ்சு, மூணா நீட்டி, பலகை மேல போட்டு அவளே பின்னி அடுப்புல வைக்கக் குடுத்தா. மக ஜாஸ்மினுக்குப் பத்து வருசம் பின்னுன கை, கண்ணை மூடுனாலும் ஓடும். மாவு முடி மாதிரி வழுக்காது, ஆனா இழுத்தா இழுத்த எடத்துக்கு வருது, ஜாஸ்மின் மாதிரி அம்மா வலிக்குதுன்னு கத்தாது. கண்ணாடிப் பெட்டியில ஹனி கேக்கு இருந்துச்சு, சிவப்பு ஜாமைத் தடவி மேல தேங்காப்பூ தூவுனது. மிரியம் தேன் கேக்குன்னுதான் சொல்லுச்சு. இதுல தேன் எங்க இருக்குன்னு கேட்டா நசீர் பல்லக் காட்டுறான், சீனிப் பாகுதான்க்கா, பேருதான் அதுங்கிறான். வெளங்கும். அதையும் ரெண்டு துண்டு வாங்கிக்கிட்டா. தின்னு பாக்கட்டும், இருவத்தஞ்சு மணி நேரம் காஞ்ச வயித்துக்குப் பாகு தெரியுமா தேன் தெரியுமா. விரதம்னாலே இந்தக் கூத்துதான். தங்கதுரை சம்சாரம் சஷ்டி விரதம் இருப்பாங்க, அன்னிக்கு அரிசி தொட மாட்டாங்க, அதனால ரவா உப்புமா, சேமியா பாயாசம், நாலு வாழைப்பழம், ஒரு சொம்பு பாலு, சாயங்காலம் மயக்கமா வருது யக்கான்னு படுத்துக்குவாங்க. நம்மாளுக மட்டும் என்ன வாழுது, தவக்காலத்துல நாப்பது நாளு கறி திங்க மாட்டோம்னு கோயில்ல சொல்லிட்டு, நாப்பத்தோராம் நாளு ஆட்டுக்கடை வாசல்ல அடிதடி. சாமிக்காக வயித்தக் கட்டுறவுக எல்லாம் மனசுக்குள்ள சட்டிக்கு முன்னாலதான் ஒக்காந்திருக்காக. மிரியம் மட்டும் என்ன அழுக்கே இல்லாத பரிசுத்தமா.

அந்தம்மா டீயப் பத்திச் சொன்னது இன்னும் தொண்டையில நிக்குது. நேத்து சாயங்காலம் நோன்பு தொடங்குறதுக்கு மின்னாடி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, தங்கதுரையையும் இழுத்துக்கிட்டு அடுப்படிக்கு வந்து நின்னுச்சு. தமிழ்ல மூணே வார்த்தை படிச்சு வந்திருக்கு. என்ன்னை மன்னித்து விட்டு. விடுன்னு கூட வரல, விட்டு. பவுலின் சட்டியக் கீழ வச்சுட்டுச் சிரிச்சா. எதுக்குன்னு கேட்டா தங்கதுரை இங்கிலீசுல கேட்டுச் சொல்றாரு, பத்து நாளைக்கு மின்னாடி அந்த முறுக்குத்தலைப் பயலுககிட்ட, இந்தம்மா போடுற டீ பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு சொல்லுச்சாம், எல்லாரும் சிரிச்சாங்களாம், அது தப்பாம். நோன்புக்கு மின்னாடி யார யார நோகடிச்சமோ அவுகள நேர்ல பாத்துக் கேட்டுரணும், மனுசனுக்குச் செஞ்சதை மனுசன் மன்னிக்காம சாமி கை வைக்காதாம். நல்ல சாமி, நோகாம தப்பிச்சுக்கிருச்சு. பாரு கூத்த, பவுலினுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. தெரியாம நிம்மதியா டீ போட்டுக்கிட்டிருந்தா. இப்ப வந்து, உன் டீ கழுவுன தண்ணின்னு அவகிட்டயே சொல்லி, அதையும் மன்னிச்சுருன்னு கேக்குது. குத்தினதும் இல்லாம கத்தியக் கழுவிக் குடுங்கிற மாதிரி. அவ ம்ம்னா. மிரியம் போகல, திரும்பவும் கேட்டுச்சு. திரும்பவும் ம்ம். மூணாந்தரமும் கேட்டுச்சு, அப்பதான் தங்கதுரை சொன்னாரு, மூணு தரம் கேக்கணுமாம் யக்கா, மூணு தரமும் மனசுலருந்து கேட்டுட்டா அதுக்கப்புறம் மன்னிக்காத ஆளு மேல பாவம் வந்துருமாம். அடி ஆத்தீ. டீயும் நான் போட்டு, பேச்சும் நான் வாங்கி, பாவமும் எனக்கா. ஓக்கே ஓக்கேன்னு ரெண்டு கையையும் தொடச்சு ஆட்டிக்காட்டுனா, அந்தம்மா அவ கையைப் புடிச்சு நெத்தியில ஒத்திக்கிட்டுப் போச்சு. கை முழுக்க வெங்காயம். ஓக்கேன்னா மன்னிச்சதுன்னு அர்த்தமா, சனியன் போய்த்தொலைன்னு அர்த்தமான்னு அவளுக்கே தெரியல. டீயில என்ன கொறை. பாலு தங்கதுரை அளந்து தர்றாரு, தூளு அவரு வாங்குறாரு, தண்ணி மலைத்தண்ணி. அவ போடுறது கொதிக்க வைக்கிறது மட்டும்தான். கழுவுன தண்ணியாம்.

அந்தத் திருப்பம் வந்துருச்சு. திருப்பத்துல மேட்டு மேல தகரக் கொட்டகை, ஏரிக்கரையில சவாரி விடுற குதிரைங்க ராத்தங்குறது அங்கதான். ஒம்பது நாளா அவ புருசன் சந்தியாகும் அங்கதான். பவுலின் தலைத்துண்டை முன்னால இழுத்து விட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமா நடந்தா. குதிரை மூத்திர வாடை வருது. கொட்டகைக்குள்ள யாரோ செருமுறாங்க, அந்தாளா இருக்காது, இந்நேரத்துக்கு ஏரிக்கரையில குதிரை ஓட்டிக்கிட்டிருப்பாரு, இருந்தா இருக்கட்டும், ரோடு என்ன அவரு அப்பன் வீட்டதா. கட்டுன பொண்டாட்டி சமைச்ச சோத்தை ஒம்பது நாளா தொடல, குதிரையோட குதிரையா படுத்துக்கிட்டு மூணு வேளையும் பரோட்டாவைப் பிச்சுப் போட்டுக்கிறாரு. இதுவும் ஒரு நோன்புதான், எந்தச் சாமிக்கோ. அப்பிடி என்ன செஞ்சுட்டா. ஜாஸ்மினைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க, எலை போட்டு, கறிச்சோறு போட்டு, எல்லாரும் சந்தோசமா இருக்கும்போது சந்தியாகு எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசப் போனாரு. யாரு பேசச் சொன்னது. சம்மந்தின்னு ஆரம்பிச்சவருக்கு மொத எழுத்துலயே மாட்டிக்கிருச்சு. திக்குவாயி, எப்பவும் மாட்டும், இருவத்தாறு வருசமா மாட்டுது, மாட்டும்போதெல்லாம் அவதான் மீதிய எடுத்துக் குடுப்பா, ஒத்தாசைக்குத்தான, வேற எதுக்கு. அன்னிக்கும் எடுத்துக் குடுத்தா. ஆனா எடுத்துக் குடுக்கும்போது அந்தத் தொண்டை எறங்கி ஏறுறதும், கண்ணு மேல போறதும், தாடை ஆடுறதும் தானா அவ மூஞ்சிக்கு வந்துருச்சு. அப்பிடியே சந்தியாகு. மாப்பிள்ளையோட மாமனுக்குச் சிரிப்புல சோறு பொரை ஏறிப்போச்சு, தலையத் தட்டுனாங்க, பந்தியே குலுங்குச்சு, அந்தச் சிரிப்பு சத்தம் வந்ததும் அவளால நிறுத்த முடியல, இன்னும் ரெண்டு தரம் செஞ்சா. ரெண்டு தரமா, மூணு தரமா. ஜாஸ்மின் மட்டும் சிரிக்கல. அவரு பாதிச் சோத்தை எலையில விட்டுட்டுக் கையக் கழுவிக்கிட்டுப் போனாரு. போறப்ப ஒரு பார்வை பாத்தாரு, கோவமா இருந்திருந்தா திருப்பிக் குடுத்திருப்பா, கோவமில்ல அது. ஒரு குதிரைய அடிச்சா திரும்பிப் பாக்குமே, அது. சீ, என்ன நெனப்பு. ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு தொரைக்கு. ஊருல யாரும் சிரிச்சதே இல்லையா. தை மாசம் கல்யாணம், கோயில்ல மகளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒப்படைக்க வேண்டியது அவரு, வருவாராம், வந்து குடுத்துட்டுக் கொட்டகைக்கே திரும்பிருவாராம், ஆளு விட்டுச் சொல்லியிருக்காரு. அப்ப அதுக்கப்புறம். அதுக்கப்புறம் யாருக்கு வடிக்கிறது. தினமும் மூணு ஆளு அரிசிதான் போடுறா, கை கொறைக்க மாட்டேங்குது, மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சு காலையில அவளே குடிக்கிறா, நீராகாரம் குடிச்சுக் குடிச்சு வயிறே சில்லுன்னு ஆகிப்போச்சு.

லாட்ஜுக்கு வந்து சேந்தப்ப ஆறு அடிக்கப் போகுது, மேகம் வராண்டா வரைக்கும் வந்து ஒக்காந்திருக்கு. மிரியம் நாக்காலியில வெள்ளைச் சட்டையோட, உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, வானத்தப் பாத்துக்கிட்டிருக்கு. மேல பாத்தா வானம் எங்க இருக்கு, கஞ்சித்தண்ணி மாதிரி வெள்ளையா கெடக்கு. பவுலின் உள்ள போயி ரொட்டிய எடுத்து வச்சா, முட்டைய அவிச்சா, போகும்போது துணியில கட்டித் தொங்கவிட்ட தயிரு நல்லா வடிஞ்சு வெண்ணெ மாதிரி வந்திருந்துச்சு, அதுல உப்பப் போட்டுக் கொழச்சா, கருவாட்டைக் கழுவிக் கழுவி உப்பெடுத்துத் தணல்ல வாட்டுனா. வாசனை வராண்டாவுக்குப் போச்சு. மிரியத்துக்கு எச்சில் ஊறுறது அடுப்படியிலருந்தே தெரிஞ்சுச்சு, ஆனா எந்திரிக்கல. ஆறரை ஆச்சு, இருட்டிருச்சு, தங்கதுரை செல்போனைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சுறாரு, நோன்பு முடிஞ்சு போச்சாம், அதுலயே போட்டிருக்காம். மிரியம் செல்போனை ஒரு புழுவப் பாக்குற மாதிரி பாத்துட்டுத் திரும்ப மேல பாக்குது. மூணு நட்சத்திரம். புரட்டாசி மாசத்துல வட்டக்கானல்ல ஒக்காந்துக்கிட்டு நட்சத்திரம் கேக்குறா, கார்த்திகை வரைக்கும் பட்டினிதான். பவுலினுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. செதில் பாத்து வாங்கி, சடை பின்னி, மேடு ஏறி வந்தவ அவ, வாட்டுன மீனு ஆறிப் பலகையாகுது. கொல்லைப்பக்கம் போயி நின்னா, இருட்டும் மேகமும், எதுவும் தெரியல. திரும்ப வந்து, மூணு வெரலத் தூக்கிக் காட்டி, மேல கையக் காட்டி, பாத்துட்டேன், கொல்லையில தெரிஞ்சுச்சுன்னா. மிரியம் அவ மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சுதான் இருக்கும், அறுவத்தஞ்சு வயசுக்காரி. ஆனா தலைய ஆட்டிக்கிட்டு என்னமோ முணுமுணுத்துட்டு எந்திரிச்சிருச்சு. எந்திரிச்சு வந்து மொத கேட்டது எதைங்கிறீங்க. ரொட்டியா, முட்டையா, மீனா. டீ. பவுலின் வேணும்னே எப்பவும் போடுற மாதிரியே போட்டா, ஒரு சொட்டு பாலு கூட்டல. மிரியம் ரெண்டு கையாலயும் டம்ளரைப் புடிச்சு ஒரு மடக்கு குடிச்சுட்டு, கண்ணத் தொறந்து, நல்லா இருக்குன்னுச்சு. தமிழ்லயே, நல்லா இருக்கு. இருவத்தஞ்சு மணி நேரமா வயித்தக் காயப்போட்டுப் பாவத்த அலசுன பொம்பள, நோன்பு முடிஞ்ச மொத மடக்குலயே பொய்யில இறங்கிருச்சு. பவுலின் சிரிச்சா, மிரியமும் சிரிச்சுச்சு. பொய்க்குப் பொய். சடை ரொட்டிய மோந்து பாத்து எதுவும் சொல்லல, ஆனா பின்னல் ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் தின்னுச்சு. ஹனி கேக்கை ஒரு கடி கடிச்சு, தங்கதுரை தட்டுல தள்ளிருச்சு. கருவாட்டுல ஒரு விள்ளல் பிச்சு வாயில போட்டதும் உப்புல கண்ணு ரெண்டும் குளமாயிருச்சு, வேண்டாம் வேண்டாம்னு கைய ஆட்டிச் சிரிக்குது. அம்மா வீட்டு மீனு மாதிரியா இருக்கும், எங்க ஊரு மீனு எங்க ஊரு மாதிரிதான் இருக்கும்.

மிச்சம் மூணு துண்டு. நாய்க்குப் போட்டா நாய்க்கும் தாகம் எடுக்கும். வாழையெலையில சுத்தி, ரொட்டி மிச்சத்தையும் வச்சு, வீட்டுக்குத்தான் கெளம்புனா. வீட்டுக்குப் போறதுக்கும் அந்தத் திருப்பந்தான். கொட்டகையில அரிக்கேன் வெளக்கு எரியுது. காலு நின்னுருச்சு, காலுக்கு யாரு சொன்னது. சந்தியாகு குதிரைக் கழுத்துல கொள்ளுப்பைய மாட்டிக்கிட்டிருந்தவரு திரும்பிப் பாத்தாரு, பாத்துட்டுத் திரும்பவும் குதிரைப்பக்கம் போயிட்டாரு. அவ பொட்டலத்தைக் கல்லு மேல வச்சா. சீலான்னு சொன்னா. குதிரைதான் கொள்ளை மென்னுச்சு. என்னத்தையாச்சும் சொல்லணும், சொன்னா போயிரலாம், வாயத் தொறந்தா. வந்தது அவ கொரல் இல்ல. என்ன்னை மன்னித்து விட்டு, அப்பிடியே மிரியம், அந்த இழுவை, அந்த மூக்கு, நெத்தியில ஒத்துற கை கூட பாதி தூரம் எந்திரிச்சுருச்சு. சிரிச்சா போதும். ஊரே சிரிக்கும் இதுக்கு. சந்தியாகு சிரிக்கல. குதிரை மேல கைய வச்சுக்கிட்டே, வார்த்தைய ஒவ்வொண்ணா இழுத்துப் புடிச்சுச் சொன்னாரு.

"அது அந்தம்மா சொன்னது, புள்ள. நீ சொல்லு."

நீ சொல்லுன்னா எந்தக் கொரல்ல சொல்றது. பங்குச் சாமியார் கொரல் வருது, தங்கதுரை கொரல் வருது, தலையச் சொறிஞ்சுக்கிட்டு எப்படியாச்சும்னு வருது, கருவாட்டுக்காரி சிரிப்பு வருது, எல்லாரும் கதவுகிட்ட நெரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அவள மட்டும் காணோம். ரெண்டாந்தரம் வாயத் தொறந்து மூடுனா. இந்தாளுக்குப் போயான்னு நெனச்சா, ஒம்பது நாளு பரோட்டா தின்ன திமிரப் பாருன்னு நெனச்சா, திரும்பிப் போயிரலாம்னு நெனச்சா. காலு வரல. மூணாந்தரம் தொறந்தா. மொத எழுத்து வந்துச்சு. ம. அதுக்கு மேல போகல. ம. தொண்டை எறங்கி ஏறுச்சு, தாடை ஆடுச்சு, கண்ணு தானா மேல போச்சு, இப்ப யாரையும் செஞ்சு காட்டல அவ, அவளுக்கே மாட்டிக்கிருச்சு. காது மடல் சுட்டுச்சு. மீதி வார்த்தை அந்தாளுக்குத் தெரியும், எடுத்துக் குடுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. சந்தியாகு எடுத்துக் குடுக்கல. வெளக்குத் திரியக் கொஞ்சம் கூட்டி வச்சுட்டு, கல்லு மேல, பொட்டலத்துக்குப் பக்கத்துல குந்துனாரு. எலையப் பிரிக்கல. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்குங்கிற மாதிரி, அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.